கரிசல் நிலத்தில் தரவகழ்வு: மழைக் கணக்கும் பயிர்க் காப்பீட்டு வணிகமும்

தரவகழ்வு என்பது பெருமளவில் சேர்ந்து கிடக்கும் பதிவுகளைக் கிளறி, அவற்றுள் மறைந்திருக்கும் ஒழுங்குகளைக் கண்டெடுக்கும் முறை ஆகும். கடைகளின் விற்பனைச் சீட்டுகள், வங்கிகளின் கடன் கணக்குகள், தொலைபேசி நிறுவனங்களின் அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றில் இம்முறை இன்று நாள்தோறும் பயன்படுகிறது. தமிழ்நாட்டின் தென்கோடியில் உள்ள கரிசல் வட்டாரத்தில் இதே முறை வேறொரு வடிவில் உழவரின் வாழ்வைத் தொடுகிறது. அங்கு அகழப்படும் தரவு மழையும் மகசூலும். அகழ்ந்தெடுத்த ஒழுங்கை விலையாக மாற்றும் வணிகம் பயிர்க் காப்பீடு.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதி கரிசல் மண் நிலம். மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையை ஒட்டிய எப்போதும்வென்றான் இவ்வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். ஆற்றுப் பாசனம் இல்லாததால் இங்குள்ள காடுகளில் பெரும்பாலும் மானாவாரியாகவே உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கம்பு, சோளம், பருத்தி, மல்லி, மிளகாய் ஆகியவை பயிராகின்றன. புரட்டாசியில் விதை போட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி, தையிலும் மாசியிலும் அறுவடை செய்வது வழக்கம். அந்த இரண்டு மாத மழை தவறினால் ஆண்டே தவறியதாகிவிடும். மழையின் ஒழுங்கை அறிந்துகொள்வது இவ்வட்டாரத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மழையை எண்ணத் தொடங்கிய காலம்

சென்னையில் வானாய்வகம் 1792-இல் அமைந்தது. அங்கு 1813 முதல் மழையளவு தொடர்ச்சியாகக் குறிக்கப்பட்டு வந்திருக்கிறது. பின்னர் மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா அலுவலகங்களிலும் மழைமானிகள் வைக்கப்பட்டன. நில வரி வசூலுக்கும் பஞ்ச நிவாரணத்துக்கும் உதவும் என்பதால் வருவாய்த் துறை இப்பதிவுகளைப் பாதுகாத்தது. வணிக நோக்கம் எதுவும் அப்போது இல்லை.

1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் தாக்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. மழை பொய்ப்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்வி அரசின் முன் நின்றது. துறையின் முதல் தலைவரான எச். எஃப். பிளான்ஃபோர்டு, இமயமலைப் பனியின் அளவுக்கும் அடுத்து வரும் தென்மேற்குப் பருவமழைக்கும் தலைகீழ்த் தொடர்பு இருப்பதாக 1884-இல் எழுதினார். அதன் அடிப்படையில் பருவமழை முன்னறிவிப்புகள் வெளிவரத் தொடங்கின. ஆனால் 1899-இல் மழை பெருமளவு பொய்த்தபோது அம்முறை கைகொடுக்கவில்லை.

1904-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணிதவியலாளர். உலகின் பல நிலையங்களில் பதிவான காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகிய எண்களைத் திரட்டி, எதற்கும் எதற்கும் தொடர்பு இருக்கிறது என்று இந்திய எழுத்தர்களைக் கொண்டு கணக்கிடச் செய்தார். கணிப்பொறி இல்லாத காலத்தில் நடந்த பெரிய தரவகழ்வு என்று இதைச் சொல்லலாம். பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் அழுத்தம் உயரும்போது மறுபக்கம் தாழும் ஊசலாட்டத்தை இவ்வழியில் அவர் கண்டறிந்து, அதற்குத் தென் ஊசலாட்டம் என்று பெயரிட்டார். எல் நினோ என்ற பெயரோடு சேர்த்து இன்று நாளிதழ்களில் பேசப்படுவது இதுவே.

வாக்கர் விட்டுச் சென்ற இன்னொரு பாடமும் உண்டு. நூறு தொடர்புகளைக் கணக்கிட்டு அவற்றுள் மிகப் பெரியதை மட்டும் எடுத்துக் காட்டினால், அது வெறும் தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்று அவர் 1914-இல் எச்சரித்தார். தேடும் இடங்கள் பெருகப் பெருக, பொய்யான ஒழுங்கு அகப்படும் வாய்ப்பும் பெருகுகிறது. தரவகழ்வின் முதன்மையான ஆபத்தாக இன்றும் கருதப்படுவது இதுதான்.

கரிசல் வட்டாரத்துக்கு எல் நினோவின் பொருள் சற்று வேறானது. தென்மேற்குப் பருவமழையை அது பெரும்பாலும் குறைக்கிறது. தென் தமிழகம் நம்பியிருக்கும் வடகிழக்குப் பருவமழையையோ பெரும்பாலும் கூட்டுகிறது. பெரும்பாலும் என்ற சொல்லை விட்டுவிட முடியாது. எல் நினோவுக்கு எதிரான லா நினா நிலவிய 2016-இல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. அதே லா நினா நிலவிய 2021-இல் அம்மழை இயல்பைவிட மிக அதிகமாகப் பெய்தது. ஒழுங்கு என்பது பல ஆண்டுகளின் சராசரி. எந்த ஓர் ஆண்டுக்கும் அது உறுதி தருவதில்லை.

கோவில்பட்டி ஆய்வுப் பண்ணை

கரிசல் நிலத்தின் தரவு முறையாகச் சேரத் தொடங்கியது 1901-இல் நிறுவப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில். அக்காலத்தில் இவ்வட்டாரத்தின் முதன்மைப் பணப்பயிர் பருத்தி. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியான அப்பருத்தி, வெளிநாட்டுச் சந்தையில் 'தின்னவெல்லி' என்ற பெயராலேயே அறியப்பட்டது. உப்பம், கருங்கண்ணி ஆகிய நாட்டு வகைகள் கலந்து விளைந்த அப்பருத்தியிலிருந்து நல்ல இழையும் நல்ல மகசூலும் தரும் செடிகளைப் பிரித்தெடுப்பது ஆய்வுப் பண்ணையின் தொடக்க காலப் பணிகளுள் ஒன்று. கருங்கண்ணியிலிருந்து பெறப்பட்ட 'கே' வரிசை இரகங்கள் இவ்வாறு உருவானவை.

பழைய பண்ணைப் பதிவுகளிலிருந்து புதிய அறிவைப் பெறும் முயற்சி அக்காலத்தில் வேறு நாடுகளிலும் நடந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் 1843 முதல் சேர்த்துவைத்த வயல் கணக்குகளை அலசிப் பார்ப்பதற்காக 1919-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற இளம் கணிதவியலாளரை அமர்த்தியது. பல பத்தாண்டு மழையளவையும் கோதுமை மகசூலையும் பொருத்திப் பார்த்து அவர் எழுதிய ஆய்வு, புள்ளியியலின் அடிப்படை நூல்களுக்கு வழிவகுத்தது.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மானாவாரி வேளாண்மைக்கான ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டத்தில் 1970களின் தொடக்கத்தில் கோவில்பட்டியும் ஒரு மையமாகச் சேர்ந்தது. பல ஆண்டு மழைப் பதிவுகள் வாரவாரியாகப் பிரிக்கப்பட்டு, எந்த வாரத்தில் விதைப்புக்குப் போதிய மழை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. அதன் பயனாக வந்த பரிந்துரைகளுள் முக்கியமானது பருவமழைக்கு முந்தைய விதைப்பு. உழவர் வழக்கில் இது புழுதி விதைப்பு. மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால், நனைந்த கரிசல் களிமண் காலிலும் கலப்பையிலும் அப்பிக்கொண்டு சில நாள்கள் உள்ளே இறங்கவிடாது. அதற்குள் பட்டம் தவறிப் போகும். ஆகவே மழைக்கு இரண்டு, மூன்று வாரங்கள் முன்பே, செப்டம்பரில், காய்ந்த மண்ணில் ஆழமாக விதைத்துவிடுவது நல்லது. இடையில் பெய்யும் சிறு தூற்றலில் விதை முளைத்துக் கருகிவிடாமல் இருக்க, சோள விதையை 2 விழுக்காடு பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்தும் முறையும் பரிந்துரைக்கப்படுகிறது.

இது தரவகழ்வின் நல்ல விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒழுங்கைக் கண்டவர் ஆய்வாளர். அதைப் பயன்படுத்துபவர் உழவர். தவறினால் நட்டப்படுபவரும் உழவரே என்றாலும், முடிவு அவர் கையில் இருக்கிறது. காப்பீட்டில் இந்த மூன்றும் பிரிந்துவிடுகின்றன.

வணிகம் தரவை அகழத் தொடங்கியது

தரவகழ்வு என்ற சொல் தொடக்கத்தில் வசைச் சொல்லாகவே புழங்கியது. விரும்பிய முடிவு வரும்வரை எண்களைத் தோண்டிக்கொண்டே இருப்பவர்களைப் பொருளியலாளர்கள் அவ்வாறு குறை கூறினர். 1989-இல் கிரிகோரி பியாடெட்ஸ்கி-ஷபிரோ தரவுத்தளங்களில் அறிவைக் கண்டறிதல் என்ற தலைப்பில் முதல் பயிலரங்கைக் கூட்டினார். அதன் பின் அச்சொல் மெல்ல மதிப்புப் பெற்றது.

1993-இல் ராகேஷ் அகர்வால், டோமாஸ் இமியெலின்ஸ்கி, அருண் சுவாமி ஆகியோர் கடைச் சீட்டுகளில் எந்தப் பொருள்கள் சேர்ந்து வாங்கப்படுகின்றன என்று கண்டறியும் கூட்டுறவு விதிகளை அறிமுகப்படுத்தினர். அடுத்த ஆண்டு அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் அப்ரியோரி என்னும் வழிமுறையை வெளியிட்டனர். இவர்கள் ஐபிஎம் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வகத்தில் பணியாற்றியவர்கள்.

இம்முறையைக் கரிசல் வட்டாரத்து விதை–உரக் கடை ஒன்றைக் கற்பனை செய்து விளக்கலாம். புரட்டாசியில் அக்கடை 1000 சீட்டுகள் போட்டதாகக் கொள்வோம். 200 சீட்டுகளில் உளுந்து விதை இருக்கிறது. 120 சீட்டுகளில் ரைசோபியம் உயிர் உரப் பொட்டலம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருப்பவை 90. இரண்டும் சேர்ந்து வரும் அளவு 9 விழுக்காடு. இது ஆதரவு எனப்படும். உளுந்து விதை வாங்கியவர்களில் 45 விழுக்காட்டினர் பொட்டலமும் வாங்கியுள்ளனர். இது நம்பிக்கை எனப்படும். பொதுவாக 12 விழுக்காடு சீட்டுகளில் மட்டுமே உள்ள பொருள், உளுந்து வாங்குவோரிடம் 45 விழுக்காடாக இருப்பதால், தொடர்பின் வலு 3.75 மடங்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம், பொட்டலத்தைக் கூடுதலாக வாங்கி வைக்கலாம் என்று கடைக்காரர் முடிவெடுக்க இது போதும்.

ஏன் சேர்த்து வாங்குகிறார்கள் என்பதை இந்த எண் சொல்வதில்லை. வேளாண் துறை மானியத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். மானியம் நின்ற ஆண்டில் அந்தத் தொடர்பும் நின்றுவிடும். கடைக்காரர் கணித்தது தவறினால் சில பொட்டலங்கள் தேங்கும், அவ்வளவே. இதே வகைக் கணிப்பைக் கொண்டு ஒருவரின் இழப்பீட்டை முடிவு செய்யும்போது தவறின் விலை வேறாகிறது.

பயிர்க் காப்பீட்டின் வரலாறு

மழைப் பதிவை நம்பி உழவருக்குக் காப்பீடு தரலாம் என்ற எண்ணம் இந்தியாவில் நூறாண்டுப் பழமை உடையது. மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய ஜே. எஸ். சக்கரவர்த்தி 1920-இல் வேளாண் காப்பீடு பற்றி நூல் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வோர் உழவரின் வயலையும் சென்று பார்ப்பது நடவாத செயல், ஆகவே வட்டார மழைமானி காட்டும் அளவு ஓர் எல்லைக்குக் கீழே போனால் அங்குள்ள காப்பீடு பெற்ற அனைவருக்கும் இழப்பீடு தரலாம் என்பது அவரது திட்டம். அது செயலுக்கு வரவில்லை.

விடுதலைக்குப் பிறகு 1972-இல் பொதுக் காப்பீட்டுத் துறை எச்-4 வீரிய ஒட்டுப் பருத்திக்கு முதல் பயிர்க் காப்பீட்டைக் குஜராத்தில் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களுக்கும் அது விரிந்தது. அதில் ஒவ்வோர் உழவரின் இழப்பும் தனித்தனியே மதிப்பிடப்பட்டது. 1978-79 வரை நடந்த அத்திட்டத்தில் சேர்ந்தவர்கள் 3,110 பேர் மட்டுமே. வசூலான பிரீமியம் 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம் ரூபாய். வசூலைப்போல் எட்டு மடங்குக்கு மேல் இழப்பீடு கொடுத்த திட்டம் கைவிடப்பட்டது.

பொருளியலாளர் வி. எம். தாண்டேகர் அப்போது பரப்பு அணுகுமுறையை முன்வைத்தார். தனி உழவரின் மகசூல் எவரிடமும் பதிவாகவில்லை. ஆனால் பயிர் அறுவடைப் பரிசோதனைகள் மூலம் வட்டாரத்தின் சராசரி மகசூல் அரசிடம் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டிருந்தது. ஆகவே வட்டாரச் சராசரி குறைந்தால் எல்லோருக்கும் இழப்பீடு, குறையாவிட்டால் எவருக்கும் இல்லை என்பது அவர் சொன்ன வழி. 1979-இல் முன்னோடித் திட்டமாகவும், 1985-இல் விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டமாகவும், 1999-இல் தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டமாகவும் இவ்வழி தொடர்ந்தது. தரவு எங்கே இருந்ததோ, காப்பீடும் அங்கேயே போய் நின்றது.

சக்கரவர்த்தியின் பழைய எண்ணம் 2003-இல் உயிர்பெற்றது. ஐசிஐசிஐ லொம்பார்டு நிறுவனமும் பேசிக்ஸ் என்னும் குறுநிதி நிறுவனமும் சேர்ந்து அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் நிலக்கடலை, ஆமணக்கு உழவர்கள் 230 பேருக்கு மழையளவுக் காப்பீடு வழங்கின. 2007-இல் மத்திய அரசு வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டைத் தொடங்கியது. பயிர் வளரும் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மழை குறைந்தால் எவ்வளவு மகசூல் குறைகிறது என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கணித்து, அதற்கேற்ப இழப்பீட்டு அட்டவணை தயாரிப்பது இதன் முறை.

2016 காரீப் பருவம் முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதில் உழவர் செலுத்தும் பங்கு காரீப் உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபி பருவத்தில் 1.5 விழுக்காடு, வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 விழுக்காடு. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. அத்திட்டத்தின் முதல் ராபிப் பருவத்திலேயே தமிழ்நாடு கடும் வறட்சியைச் சந்தித்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. வசூலான பிரீமியத்தைவிட அவ்வாண்டு இழப்பீடு கூடுதலாக இருந்தது.

ஏழு ஆண்டுக் கணக்கு

இழப்பீட்டை முடிவு செய்வது உத்தரவாத மகசூல் எனப்படும் எண். கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 விழுக்காட்டை உத்தரவாதமாகக் கொள்கின்றனர். நடப்பு ஆண்டுச் சராசரி அதற்குக் கீழே போனால், குறைந்த விகிதத்துக்கு ஏற்ப இழப்பீடு கிடைக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு கிராமத்தில் உளுந்து மகசூல் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 420, 510, 150, 480, 390, 90, 450 கிலோ என்று கொள்வோம். சிறந்த ஐந்தின் சராசரி 450. அதில் 80 விழுக்காடு 360. இவ்வாண்டு 270 கிலோ விளைந்தால், குறைவு 90 கிலோ. அதாவது காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு கிடைக்கும்.

இரண்டு வறட்சி ஆண்டுகளையும் சேர்த்து ஏழின் சராசரியை எடுத்திருந்தால் அது ஏறத்தாழ 356. அதில் 80 விழுக்காடு ஏறத்தாழ 285. அதே 270 கிலோவுக்கு இழப்பீடு 5 விழுக்காடுதான். எந்த ஆண்டுகளை எண்ணுவது, எவற்றை விடுவது என்ற ஒரு முடிவு உழவரின் கைக்கு வருவதை ஐந்து மடங்கு மாற்றிவிடுகிறது. மோசமான ஆண்டுகளை விடுவது இங்கே உழவருக்கு நன்மை.

பிரீமியத்தைக் கணிக்கும் நிறுவனம் அந்த மோசமான ஆண்டுகளையே முதலில் பார்க்கும். மேற்கண்ட ஏழு ஆண்டுகளிலும் 360 கிலோ உத்தரவாதம் இருந்திருந்தால், 150 கிலோ விளைந்த ஆண்டில் ஏறத்தாழ 58 விழுக்காடும், 90 கிலோ விளைந்த ஆண்டில் 75 விழுக்காடும் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். ஏழு ஆண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 19 விழுக்காடு. நிர்வாகச் செலவும் இலாபமும் இதற்கு மேல். உழவர் கட்டும் 1.5 விழுக்காட்டுக்கும் இந்தத் தொகைக்கும் இடையே உள்ள பெரும் வெளியை நிரப்புவது அரசின் வரிப்பணம். 2020-இல் மத்திய அரசு தன் பங்குக்கு வரம்பு விதித்தது. பாசனமற்ற பகுதிகளில் 30 விழுக்காடு, பாசனப் பகுதிகளில் 25 விழுக்காடு வரையிலான பிரீமிய விகிதத்துக்கே அது உதவும். பழைய பதிவுகளில் வறட்சி மிகுந்த வட்டாரங்களில் இந்த வரம்பு நெருக்கும். கரிசல் நிலம் அப்படிப்பட்டது.

சராசரிக்கு வெளியே நிற்கும் காடு

நடப்பு ஆண்டு மகசூலை அளக்கும் முறை பயிர் அறுவடைப் பரிசோதனை. முக்கியப் பயிருக்குக் கிராம அளவில் குறைந்தது நான்கு இடங்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் குறித்த அளவுள்ள சதுரத்தை அளந்து, அதிலுள்ள பயிரை அறுத்து எடை போடுகின்றனர். அந்த நான்கு சதுரங்களின் சராசரி ஊர் முழுவதற்கும் பொருந்தும்.

கரிசலில் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. சாலைக்கு மேற்கே உள்ள காடு நனைந்திருக்க, கிழக்கே புழுதி பறப்பது உழவர் அறிந்த செய்தி. பள்ளக்காட்டில் நீர் நின்று வேர் அழுகும்போது மேட்டுக்காட்டில் பயிர் செழிப்பதும் உண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரு படி கூட விளையாத உழவருக்கும் 25 விழுக்காடு, நன்றாக விளைந்தவருக்கும் 25 விழுக்காடு. ஊர்ச் சராசரி 365 ஆக இருந்திருந்தால் இருவருக்கும் எதுவும் இல்லை. காப்பீட்டியலில் இந்த இடைவெளி அடிப்படை இடர் எனப்படுகிறது. கட்டிய பணம் எங்கே என்று கேட்கும் உழவருக்கும், விதிப்படி கணக்கிட்டோம் என்று சொல்லும் நிறுவனத்துக்கும் இடையே ஆண்டுதோறும் எழும் பிணக்கின் வேர் இதுவே. இருவர் சொல்வதும் தத்தம் அளவில் உண்மை. ஒருவர் காட்டைப் பார்க்கிறார், மற்றவர் சராசரியைப் பார்க்கிறார்.

கடந்த காலத்தில் இல்லாத ஒன்று வரும்போது இன்னொரு குறை வெளிப்படுகிறது. 2018 மே மாதத்தில் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கருநாடகத்தில் கண்டறியப்பட்டது. அவ்வாண்டே அது தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைத் தாக்கியது. கோழித் தீவனத் தேவையால் பருத்தியையும் சோளத்தையும் ஒதுக்கிவிட்டு மக்காச்சோளத்துக்கு மாறியிருந்த கரிசல் உழவர்களுக்கு அது பேரிடி. எந்த ஏழு ஆண்டுப் பதிவிலும் அந்தப் புழு இல்லை. பழைய தரவில் இல்லாததை எந்த அகழ்வும் கண்டெடுக்காது.

2023 திசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழை மற்றொரு சான்று. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையைவிட இது அதிகம். வறட்சியே வழக்கமான கரிசல் வட்டாரத்தின் மானாவாரிக் காடுகளும் அவ்வெள்ளத்தில் மூழ்கின.

தரவு யாருடையது

உழவர் காப்பீட்டில் சேர ஆதார் எண், வங்கிக் கணக்கு, சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் ஆகியவற்றைக் கொடுக்கிறார். அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில் யார் என்ன பயிரிட்டார் என்பதைப் பசலி ஆண்டுவாரியாகக் குறிக்கும் பதிவேடு. தலைமுறைகளாக வருவாய்த் துறையின் பெட்டியில் இருந்த இப்பதிவு இப்போது கணினிக்கு மாறுகிறது. 2024 இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த மின்னணுப் பயிர் கணக்கெடுப்பில் வேளாண் கல்லூரி மாணவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். 2025-இல் உழவர்களுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பதிவு தொடங்கியது.

அளவீட்டு முறைகளும் மாறுகின்றன. 2023-இல் நெல், கோதுமைப் பயிர்களின் மகசூல் மதிப்பீட்டில் செயற்கைக்கோள் வழிக் கணிப்புக்கு 30 விழுக்காடு எடை தரும் முறை அறிமுகமானது. வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களையும் ஊராட்சி அளவில் தானியங்கி மழைமானிகளையும் நிறுவும் திட்டமும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மழைமானி காட்டுக்கு நெருங்கி வரும் அளவுக்கு அடிப்படை இடர் குறையும். ஆனால் புதிதாக வைத்த மழைமானிக்குப் பழைய பதிவு இருக்காது. அதன் அளவுகளை நம்பி ஒழுங்கைக் கணிக்க மேலும் பல ஆண்டுகள் சேர வேண்டும்.

2023-இல் நிறைவேறிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தரவு எதற்காகப் பெறப்படுகிறது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. தன்னைப் பற்றிய தரவை அறிவதற்கும் பிழையைத் திருத்தக் கோருவதற்கும் உரிமை அளிக்கிறது. ஆனால் உழவரின் இழப்பீட்டை முடிவு செய்வது அவருடைய தனிநபர்த் தரவு அன்று. ஊரின் உத்தரவாத மகசூல், நான்கு சதுரங்களின் எடை, தேர்ந்தெடுத்த ஏழு ஆண்டுகள் ஆகியவை தனிநபர் எவருக்கும் உரியவை அல்ல. அவை ஊருக்கு உரியவை.

கோவில்பட்டிப் பண்ணையின் மழைக் கணக்கு, எந்த வாரம் விதைப்பது என்ற பரிந்துரையாக உழவரிடம் திரும்பி வந்தது. அவர் அதைத் தன் அனுபவத்தோடு ஒப்பிட்டு ஏற்கவோ மறுக்கவோ முடிந்தது. காப்பீட்டின் எண்களும் அவ்வாறே ஊராட்சி அலுவலகத்தில் அறுவடைக்கு முன்பே எழுதி ஒட்டப்பட்டால், எந்தச் சதுரம் எங்கே அறுக்கப்பட்டது, எந்த ஆண்டு கணக்கில் வந்தது என்று உழவரே சரிபார்க்கலாம். எப்போதும்வென்றானைச் சுற்றியுள்ள காடுகளில் புரட்டாசியில் விதையோடு சேர்த்துப் பிரீமியத்தையும் போடும் உழவருக்கு, அந்தக் கணக்கைப் பார்க்கும் வாய்ப்பு இழப்பீட்டுக்கு அடுத்தபடியான தேவை.